போட்டு வாறன்

ஞானமலர்: திரும்பச் சொல்லு. என்ன வாங்க வந்தனி?

லூசியன்: தூள் அக்கா. மிளகாய்த்தூள்.

ஞானமலர்: மிளகாய்த்தூள் வாங்க லிமோஜிலை விடியக் காலமை றெயின் ஏறி, பாரிசுக்கு வந்து, லா ஷப்பலிலை என்ரை கடையிலை வந்து நிக்கிறாய்?

லூசியன்: அங்கை எங்கை தூள் இருக்கு? ஊரிலை இருக்கிறது ஒரே ஒரு பலசரக்குக் கடை. கேட்டா சின்னப் போத்தலிலை மஞ்சளா ஒண்டைத் தருகினம். கறி எண்டு எழுதிக் கிடக்கு. மணந்து பாத்தா சவர்க்காரம்.

ஞானமலர்: போன மாசம்தானே பெட்டி கட்டி அனுப்பினனான். தூள், கருவேப்பிலை, கருவாடு...

லூசியன்: முடிஞ்சுது.

ஞானமலர்: மூண்டு பேருக்கு? நீயும் நிரஞ்சலாவும் ஒரு சின்னப் பெட்டையும்... அவ்வளவு தூளும்? நீங்கள் என்ன, தூளிலையே குளிக்கிறனீங்கள்? ...ஓம் தங்கச்சி, முருங்கைக்காய் அந்தப் பக்கம், வெண்டிக்காய்க்குப் பின்னாலை. முறிச்சுப் பாக்காமல் எடுங்கோ! ...நீ உதிலை நிக்காதையடா, வழியை மறிக்கிறாய். அந்தப் பையைக் கீழை வை.

லூசியன்: கிடக்கட்டும். கையிலை வைச்சிருக்கிறன்.

ஞானமலர்: தூள் வாங்க வந்தவனுக்கு ஏன் உவ்வளவு பெரிய பை?

லூசியன்: ...கனக்கத் தூள் வாங்க.

ஞானமலர்: வெறும் பையே அது? பின்னை ஏன் ஒரு பக்கம் சரிஞ்சு நிக்கிறாய்?

லூசியன்: அக்கா, வந்த களைப்புக்கு ஒரு தேத்தண்ணி தாறியோ, இல்லாட்டி பொலிசுக்காரர் மாதிரி இப்பிடியே விசாரிச்சுக்கொண்டு நிக்கப்போறியோ?

ஞானமலர்: சாப்பிட்டனியோ?

லூசியன்: இல்லை.

ஞானமலர்: பின்னுக்குச் சோறு இருக்கு. திருக்கைக் கறியும் இருக்கு. போட்டுத் தின்.

லூசியன்: திருக்கையோ! ஆருக்கு?

ஞானமலர்: தனூஜன் வாறன் எண்டவன்.

லூசியன்: உன்ரை மகனே? அவன் எப்ப தொடக்கம் திருக்கை தின்னுறவன்? மீன் மணத்துக்கே சத்தி எடுக்கிற பொடியன்.

ஞானமலர்: இப்ப தின்னுறான். கூசேன்வில்லுக்குத் தனிய வீடெடுத்துப் போய், ஏர்ப்போட்டிலை வேலையும் செய்யிறான். வளந்த பொடியன் மாறமாட்டானே? வாயை மூடிக்கொண்டு போடு.

லூசியன்: வாயை மூடிக்கொண்டு எப்பிடித் தின்னுறது?

ஞானமலர்: உந்தப் பகிடி எல்லாம் இருக்கு. பிள்ளை சுகமே?

லூசியன்: சுகம்.

ஞானமலர்: நிரஞ்சலா?

லூசியன்: அவளும் சுகம்.

ஞானமலர்: அவளுக்குச் சொல்லீட்டுத்தானே வந்தனி?

லூசியன்: ஓம்... போட்டு வாறன் எண்டு சொல்லீட்டுத்தான் வந்தனான். என்ன கேள்வி இது? ...அக்கா, கறி நல்லாக் கிடக்கு.

ஞானமலர்: பின்னேர றெயினுக்குத் திரும்பிப் போறியோ?

லூசியன்: பாப்பம்.

ஞானமலர்: என்ன பாப்பம்? நிக்கிறதெண்டா நிக்கிறன் எண்டு சொல்லு, போறதெண்டாப் போறன் எண்டு சொல்லு. பாப்பம் எண்டா என்ன?

லூசியன்: ரண்டு நாள் நிண்டு, ஆக்களைக் கண்டு...

ஞானமலர்: ஆரை? இராஜேந்திரன் அண்ணையையோ?

லூசியன்: தண்ணி எங்கை வைச்சிருக்கிறாய்?

ஞானமலர்: சொல்லன். சோறு இறங்கேல்லையோ?

லூசியன்: அவர் ரெலிபோன் எடுத்தவரே உனக்கு?

ஞானமலர்: நீ அவற்றை சாப்பாட்டுக் கடை வாசலைத் தாண்டமுதல் எடுத்தவர். "ஞானமலர், உன்ரை தம்பி வந்து பழையபடி கோப்பை கழுவ வரட்டே எண்டு கேக்கிறான், நான் என்ன சொல்ல" எண்டு.

லூசியன்: அந்த மனுசனுக்கு வாயிலை ஒண்டும் நிக்காது.

ஞானமலர்: இந்தத் தெருவிலை ஆருக்கடா வாயிலை நிக்கிறது? நீ இந்தக் கரையிலை தும்மினா அந்தக் கரையிலை மருந்து சொல்லுவினம்.

லூசியன்: அப்ப எல்லாம் தெரிஞ்சுகொண்டே தூள் தூள் எண்டு கேட்டுக்கொண்டிருந்தனி?

ஞானமலர்: எவ்வளவு தூரத்துக்குப் பொய் சொல்லுவாய் எண்டு பாத்தனான். நல்லாச் சொல்லுறாய். சவர்க்காரமாம்!

லூசியன்: சவர்க்காரம் மெய்தான் அக்கா.

ஞானமலர்: பேசாதை! உன்னை அந்த ஊருக்கு அனுப்ப நான் எவ்வளவு அலைஞ்சனான்? ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிய சுவாமிக்குப் பின்னாலையும் சிஸ்டருக்குப் பின்னாலையும் திரிஞ்சு... என்ரை தம்பிக்கு இப்பத்தான் விசா கிடைச்சது, பெண்சாதி பிள்ளையோடை ஸ்தேன்னிலை என்ரை வீட்டு ஹோலிலை திரை கட்டிக்கொண்டு கிடக்கிறான், எங்கையாவது ஒரு வீடு பாருங்கோ எண்டு கெஞ்சி... அப்பதானே அவை லிமோஜுக்குப் பக்கத்திலை இந்தப் பெர்லியாக் எண்ட ஊரைப் பற்றிச் சொன்னவை.

லூசியன்: தெரியும் அக்கா.

ஞானமலர்: உனக்கு ஒண்டும் தெரியாது. ஒரு ஊர்ச்சனம் எல்லாம் சேந்து, முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தைப் பொறுப்பெடுக்கிறது எண்டா லேசான காரியமே? வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சது ஆர்? அவை. கட்டில் தந்தது ஆர்? அவை. வயசுபோன ஆக்களின்ரை இல்லத்திலை உனக்குச் சமையல் வேலை எடுத்துத் தந்தது ஆர்?

லூசியன்: அவை.

ஞானமலர்: பிள்ளையள் காணாது எண்டு பூட்ட நிண்ட பள்ளிக்கூடம், உன்ரை ஷெரின் போய்ச் சேந்தபடியாத் தப்பி நிக்குது. பேப்பரிலை படமும் போட்டவங்கள். நான் வெட்டி அந்தா கல்லாவுக்கு மேலை ஒட்டி வைச்சிருக்கிறன், வாற போற சனம் பாக்கட்டும் எண்டு. இனி என்ன சொல்ல? படத்திலை நிக்கிறவர் பழையபடி கோப்பை கழுவ வந்திட்டார் எண்டோ?

லூசியன்: அதுதான் அக்கா பிரச்சினை.

ஞானமலர்: எது?

லூசியன்: எல்லாம் அவை. வீடு அவை, கட்டில் அவை, கரண்டி அவை. காலமை வெளிக்கிட்டா "லூசியன்!" எண்டு ஒரு கை. பாண் வாங்கப் போனா இன்னொரு கை. ட்ராக்டரிலை இருந்து ஒரு கை. திருப்பிக் காட்டிக் காட்டி எனக்குத் தோள் நோகுது. இஞ்சை ஆராவது ஆருக்காவது கை காட்டுறவையே?

ஞானமலர்: இஞ்சை கை காட்டினா, சீட்டுக்குக் காசு கேக்கப் போறாங்கள் எண்டு மற்றப் பக்கத்துக்கு மாறுவாங்கள்.

லூசியன்: பாத்தியே! அதுதான் நிம்மதி.

ஞானமலர்: விசரன். ...அண்ணை, அந்த அரிசி போன கிழமை விலைதான், ஏறேல்லை. எடுங்கோ. ...கை காட்டுறாங்கள் எண்டோ ஓடி வந்தனி?

லூசியன்: கை மட்டுமே? ஜாம்!

ஞானமலர்: என்ன ஜாம்?

லூசியன்: தின்னுற ஜாம். தோட்டத்துப் பழத்திலை தாங்களே காய்ச்சிறது. பின்னேரமானாக் கதவைத் தட்டுகினம். திறந்தா ஜாம். அலுமாரிக்குள்ளை ஜாம், படிக்குக் கீழை ஜாம், பிள்ளையின்ரை சப்பாத்துப் பெட்டிக்குள்ளையும் ஜாம். வந்தாச் சும்மா போகினமே? இருந்து, பிள்ளையின்ரை கொப்பி பாத்து, குளிருதோ எண்டு ஹீற்றரைத் தடவிப் பாத்து... நான் உள்ச்சட்டையோடை ஒரு பின்னேரம் இருக்கேலாது அக்கா என்ரை வீட்டிலை!

ஞானமலர்: அப்ப சட்டையைப் போட்டுக்கொண்டு இரன். உலகத்திலை சனம் இருக்க இடமில்லாமல் பாலத்துக்குக் கீழை படுக்குது. இவருக்கு ஜாம் கூடிப்போச்சாம்.

லூசியன்: நீ கேக்கேல்லையே, ஏன் அவ்வளவு ஜாம் எண்டு?

ஞானமலர்: நல்ல சனம். தருகினம்.

லூசியன்: இல்லை. அது நான் சொன்ன ஒரு சொல்லாலை வந்த வினை.

ஞானமலர்: என்ன சொன்னனி? ஜாம் விருப்பம் எண்டோ?

லூசியன்: ...நான் சொல்லுவன், நீ சிரிக்கக்கூடாது.

ஞானமலர்: எனக்கு இருக்கிற விசருக்கு நான் சிரிக்கிறதே? சொல்லு.

லூசியன்: போன புதிசிலை ஒவ்வொரு வீட்டிலையும் சாப்பிடக் கூப்பிட்டவை. சாப்பிட்டு முடிஞ்சு வெளிக்கிடேக்கை ஒரு மனுசன் என்ன சொல்லுவான்?

ஞானமலர்: மெர்சி எண்டு சொல்லுவான்.

லூசியன்: அதைச் சொன்னனான். பேந்து?

ஞானமலர்: பேந்தென்ன... போட்டு வாறன் எண்டு சொல்லுவான்.

லூசியன்: அதையும் சொன்னனான். பிரெஞ்சிலை.

ஞானமலர்: பிரெஞ்சிலை அதை எப்பிடிச் சொன்னனி?

லூசியன்: ஜ ரெவியான்.

ஞானமலர்: திரும்பி வாறன் எண்டோ சொன்னனி? கதவடியிலை நிண்டு?

லூசியன்: போட்டு வாறன் எண்டு சொன்னனான்!

ஞானமலர்: டேய், அது பிரெஞ்சுக்காரனுக்கு, இந்தா இப்ப திரும்பி வாறன், இரு எண்டெல்லோ விளங்கும்! வெளிக்கிடேக்கை சொல்ல ஓ ர்வுவார் எண்டு ஒரு சொல் இருக்கு. உனக்குத் தெரியாதே?

லூசியன்: தெரியும். அது பஸ்காரனுக்கும் கடைக்காரனுக்கும் சொல்லுறது. கூப்பிட்டு இருத்திச் சோறு போட்ட சனத்துக்கு அது காணாது போலக் கிடந்தது.

ஞானமலர்: சோறு போட்டதுகளே?

லூசியன்: உருளைக்கிழங்கு. எல்லாம் ஒண்டுதான்.

ஞானமலர்: பேந்து?

லூசியன்: பேந்தென்ன, காத்திருந்திருக்குதுகள். எங்களைப் பொறுப்பெடுத்த அசோசியாசியோனை நடத்துற மதாம் லாரா, நான் திரும்பி வருவன் எண்டு கேக்கை வெட்டாமல் வைச்சுக்கொண்டு இருந்திருக்கிறா. பேக்கரிக்காரன் கதவைப் பூட்டாமல் கதிரையிலையே நித்திரை. இன்னொருத்தர், தான் குளிக்கேக்கை நான் வந்திடுவன் எண்டு குளிக்காமலே படுத்தவராம். நான் வீட்டை குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறன்.

ஞானமலர்: ஒருத்தர்கூட உன்னை ஏன் எண்டு கேக்கேல்லையே?

லூசியன்: மரியாதையான சனம் அக்கா. கேட்டா நான் வெக்கப்படுவனாம். தங்களுக்குள்ளையே கூட்டம் வைச்சுக் கதைச்சிருக்கினம். லூசியனுக்குத் திரும்பி வர நல்ல ஆசை, ஆனா பாவம், கூச்சம். அவன் வராட்டி நாங்கள் போவம். வெறுங்கையோடை போகாமல் ஜாமும் கொண்டு போவம் எண்டு.

ஞானமலர்: அய்யோ... என்ரை மாதாவே... நில்லு, நில்லு... எனக்கு வயிறு நோகுது...

லூசியன்: சிரி. நல்லாச் சிரி.

ஞானமலர்: குளிக்காமல்... படுத்த மனுசன்... ஒண்டுமில்லை தங்கச்சி, எனக்கு ஒண்டுமில்லை, சும்மா சிரிக்கிறன்... அந்தக் கொத்தமல்லிக்கட்டைத் தாங்கோ... அய்யோ கடவுளே...

லூசியன்: எமில் ஐயா விழுந்துபோனார் அக்கா.

ஞானமலர்: ...ஆர்?

லூசியன்: பக்கத்து வீட்டு மனுசன். உனக்குச் சொன்னனானெல்லே. கூரை வேலை செய்து பென்ஷன் எடுத்தவர். தனி ஆள். நாங்கள் போன அண்டைக்கு லிமோஜ் ஸ்ரேசனுக்குக் காரோடை வந்து நிண்டவர். பின்னேரத்திலை எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தாறது அவர்தான்.

ஞானமலர்: எங்கை விழுந்தவர்?

லூசியன்: அண்டைக்கும் பாடம் முடிஞ்சு நான் எழும்பி, வழமை போல... அந்தச் சொல்லைச் சொல்லீட்டு வந்திட்டன். வெளியிலை தண்ணி எல்லாம் உறைஞ்சு கண்ணாடி மாதிரி. அந்த மனுசன் கேற் லைற்றையும் போட்டுவிட்டுப் பாத்துக்கொண்டு இருந்திருக்கு. வாறன் எண்டவன் இன்னும் வரேல்லை, எங்கையோ சறுக்கி விழுந்திட்டானோ எண்டு பயந்து, என்னைத் தேடி வெளியிலை வந்து... தான் சறுக்கி விழுந்திட்டார்.

ஞானமலர்: அய்யோ.

லூசியன்: கணுக்கால் முறிஞ்சு போச்சு. பேக்கரிக்காரன் கண்டு தூக்கினவன். நான் அடுத்த வீட்டிலை போத்து மூடிக்கொண்டு கிடந்தனான். ஆஸ்பத்திரியிலை மதாம் லாரா என்னைக் கேட்டா, ஏன் லூசியன் ஒவ்வொரு முறையும் வாறன் எண்டு சொல்லீட்டு வாறேல்லை எண்டு. நான் முழுசிக்கொண்டு நிக்கிறன். உன்ரை மருமகள் ஷெரின்தான் சொன்னவள், பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சிலை, அப்பா அப்பிடிச் சொன்னா அது ஓ ர்வுவார் எண்டு.

ஞானமலர்: அதுக்கு எமில் என்ன சொன்னவர்?

லூசியன்: சிரிச்சார். காலிலை பிளாஸ்ரரோடை படுத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரிச்சார். போறதுக்குக்கூட வாறன் எண்டு சொல்லுற ஆக்களோ நீங்கள், நல்ல ஆக்கள் எண்டு என்ரை கையைப் பிடிச்சார்.

ஞானமலர்: மற்ற ஆக்கள்?

லூசியன்: ஒருத்தர்கூட ஏசேல்லை அக்கா! ஒருத்தர்கூட! அடுத்த நாள் எனக்கு ஆறுதலாம் எண்டு பழையபடி ஜாமைக் கொண்டு வருகினம். ஒரு மனுசன்ரை காலை முறிச்சவனுக்கு ஜாம்! ஆராவது ஒருத்தர் "மடையா, உனக்கு அறிவில்லையே" எண்டு கேட்டிருந்தா நான் அங்கையே நிண்டிருப்பன். மெய்யாத்தான் சொல்லுறன்.

ஞானமலர்: அதுக்குத்தான் இஞ்சை வந்தனியோ? ஏச்சு வாங்க?

லூசியன்: ...ஓம் போலை.

ஞானமலர்: மடையா! எருமை! உனக்கு அறிவில்லையே? இவ்வளவு காலம் இந்த நாட்டிலை இருந்து, வெளிக்கிடேக்கை என்ன சொல்லுறது எண்டு ஒரு மனுசரைக் கேக்கத் தெரியேல்லையே? தெரியாட்டி சும்மா கையைக் காட்டீட்டு வரத் தெரியாதே? வயசுபோன மனுசனை உறைபனியிலை விழுத்திப்போட்டு, ஆஸ்பத்திரியிலை போய்ப் பக்கத்திலை நிக்கிறதை விட்டிட்டு, கோப்பை கழுவ ஓடி வந்திருக்கிறாய், வெக்கங்கெட்டவன்!

லூசியன்: இன்னும் கொஞ்சம்.

ஞானமலர்: சோம்பேறி! பயந்தாங்கொள்ளி! ...காணுமே?

லூசியன்: இப்ப கொஞ்சம் சுகமாக் கிடக்கு.

ஞானமலர்: எனக்குப் பிரசர் ஏறுது. அதுக்குப் பேந்து ஒருத்தற்றை வீட்டாலை வெளிக்கிடேக்கை என்ன சொல்லுறனி?

லூசியன்: ஒண்டும் சொல்லுறேல்லை. போறன் எண்டு சொல்ல எனக்கு வாய் வருதில்லை. வாறன் எண்டு சொல்லப் பயமாக் கிடக்கு. அவை அங்காலை திரும்பேக்கை சத்தம் போடாமல் எழும்பி வந்திடுவன்.

ஞானமலர்: கள்ளன் மாதிரி.

லூசியன்: ஓம். கள்ளன் மாதிரி.

ஞானமலர்: இண்டைக்குக் காலமையும் அப்பிடித்தானே?

லூசியன்: ஓம். நிரஞ்சலாவுக்கு மட்டும் போட்டு வாறன் எண்டு சொன்னனான்.

ஞானமலர்: வாற எண்ணமோ?

லூசியன்: நான் கேட்ட தேத்தண்ணி எங்கை அக்கா?

ஞானமலர்: டேய், அவளுக்குச் சொன்னது பிரெஞ்சோ தமிழோ?

லூசியன்: தமிழ்தான்.

ஞானமலர்: அப்ப இனித் தமிழிலையும் உன்னை நம்பேலாது.

லூசியன்: நான் என்ன, அவையை விட்டிட்டே வந்தனான்? இராஜேந்திரன் அண்ணை வேலை தந்தா, கொஞ்ச நாளிலை ஒரு அறை பாத்து ரண்டு பேரையும் இஞ்சாலை கூப்பிடலாம் எண்டு... அதுவரைக்கும் உன்ரை ஹோலிலை...

ஞானமலர்: திரையைக் கழட்டித் துவைச்சு மடிச்சு வைச்சிட்டன். இனி அது யன்னலுக்கு. ...பொறு, ரெலிபோன் அடிக்குது.

லூசியன்: ஆர்?

ஞானமலர்: ஆரெண்டு நினைக்கிறாய்? ...ஓம் நிரஞ்சலா.

நிரஞ்சலா: மச்சாள், ஆள் வந்து சேந்திட்டாரே?

ஞானமலர்: வந்து, திருக்கையும் முடிச்சாச்சு.

நிரஞ்சலா: ஸ்பீக்கரிலை போடுங்கோ.

லூசியன்: அக்கா, வேண்டாம், நான் பேந்து...

ஞானமலர்: போட்டாச்சு.

நிரஞ்சலா: இஞ்சருங்கோ. தூள் வாங்கியாச்சோ?

லூசியன்: ஓம்... இனித்தான்...

நிரஞ்சலா: தூள் வாங்கப் போன மனுசன் ஏன் குளிர்ச்சட்டை, சவர மெசின், கார்த் து செஜூர் எல்லாத்தையும் கொண்டு போனனீங்கள்? தூளுக்கும் விசா கேக்கிறாங்களே அங்கை?

லூசியன்: நான் சொல்லுறதைக் கொஞ்சம் கேள்...

நிரஞ்சலா: இல்லை, நான் சொல்லுறதை நீங்கள் கேளுங்கோ. நான் வரேல்லை. பிள்ளையும் வராள். மச்சாள், நான் சொல்லுறதைக் குறையா நினைக்காதேங்கோ.

ஞானமலர்: நினைக்கேல்லை. சொல்லு.

நிரஞ்சலா: உங்கடை வீட்டிலை கீழ்வீட்டுக்காரர் சத்தம் எண்டு முறைப்பாடு சொல்லுவினம் எண்டு பிள்ளையை நாங்கள் எப்பவும் அடக்கி வைச்சிருந்தம். திரைக்குப் பின்னாலை இருந்து குசுகுசு எண்டுதான் கதைப்பாள். வெளியிலை வந்தாலும் அவளுக்குக் குசுகுசுதான். இஞ்சை வந்து கத்துறாள் மச்சாள். தெருவிலை ஓடிக்கொண்டு கத்துறாள். எனக்கு அது காணும். அவையின்ரை ஜாமை நான் ஆயுள் முழுக்கத் தின்னுவன்.

லூசியன்: நிரஞ்சலா...

நிரஞ்சலா: இன்னொண்டு. எமில் ஐயாவை இண்டைக்கு ஆஸ்பத்திரியாலை விடுகினம். பொழுதுபட வீட்டை வருவார். வாசல் படியிலை தூக்கி ஏத்தவேணும். பேக்கரிக்காரர் தான் தூக்கிறன் எண்டு நிக்கிறார். அவர் வேண்டாமாம். லூசியன் தூக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டாராம். எங்கை லூசியன் எண்டு மதாம் லாரா இப்ப வந்து கேட்டவ.

லூசியன்: நீ என்ன சொன்னனி?

நிரஞ்சலா: இல் ரெவியான் எண்டு சொன்னனான்.

ஞானமலர்: அய்யோ, நீயுமே!

நிரஞ்சலா: இல்லை மச்சாள். எனக்கு அந்தச் சொல்லுக்குக் கருத்து வடிவாத் தெரியும். திரும்பி வருவார் எண்டு தெரிஞ்சுதான் சொன்னனான். வைக்கிறன்.

லூசியன்: நிரஞ்சலா... ஹலோ... வைச்சிட்டாள்.

ஞானமலர்: நல்லாச் செய்தாள். எழும்பு.

லூசியன்: அக்கா, எனக்கு அந்த மனுசன்ரை முகத்தைப் பாக்கேலாது.

ஞானமலர்: முகத்தைப் பாக்கச் சொன்னதார்? தூக்கத்தானே சொல்லுறார். குனிஞ்சு தூக்கு. றெயின் எத்தினைக்கு?

லூசியன்: ஒஸ்தெர்லிட்ஸ் ஸ்ரேசனிலை ரண்டரைக்கு ஒண்டு இருக்கு.

ஞானமலர்: அப்ப கையைக் கழுவு. ...ஓம் அண்ணை, ஒரு நிமிசம், இஞ்சை ஒருத்தரை ஊருக்கு அனுப்பிக்கொண்டு நிக்கிறன்.

லூசியன்: தூக்கி இருத்தீட்டன் எண்டு வை. பேந்து நான் வீட்டை வரத்தானே வேணும்? வெளிக்கிடேக்கை என்ன சொல்லுறது? அவர் பாத்துக்கொண்டு இருப்பாரே, இவன் இப்ப என்ன சொல்லப் போறான் எண்டு.

ஞானமலர்: ஜ ரெவியான் த்மான் எண்டு சொல்லு.

லூசியன்: என்ன?

ஞானமலர்: த்மான்! நாளைக்கு! நாளைக்கு வாறன் எண்டு சொல்லடா! உன்ரை வாறனும் இருக்கும், அந்தாளும் நித்திரை கொள்ளும். ஒரு சொல்லைச் சேத்துச் சொல்லத் தெரியாமல் ஒரு ஊரையே விட்டிட்டு ஓடி வந்தவன் இந்தப் பிரான்சிலை நீ ஒருத்தன்தான்.

லூசியன்: ...நாளைக்குப் போகாட்டி?

ஞானமலர்: பக்கத்து வீடு! காலிலை பிளாஸ்ரரோடை கிடக்கிற மனுசன்! நாளைக்கும் போ, நாளையிண்டைக்கும் போ! ஒரு கறி காய்ச்சிக் கொண்டு போ. அந்த ஜாமுக்கு நீயும் என்னத்தையாவது திருப்பிக் குடுத்தாத்தானே உனக்கு அந்த ஊரிலை உள்ச்சட்டையோடை இருக்க மனம் வரும்?

லூசியன்: ஜ ரெவியான் த்மான்.

ஞானமலர்: அதுதான். றெயினிலை போகேக்கை சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போ. இந்தா, தூள். இது கருவேப்பிலை, நசிக்காமல் மேலை வை. இது மிச்சத் திருக்கை, பெட்டியிலை போட்டிருக்கிறன். எமிலுக்கும் குடு. முள்ளு இல்லை, பயமில்லாமல் தின்னலாம்.

லூசியன்: எல்லாத்தையும் எனக்குக் கட்டித் தாறாய். தனூஜனுக்கு?

ஞானமலர்: அவன் வந்தா முட்டை பொரிச்சுக் குடுப்பன்.

லூசியன்: நான் வரேக்கை றெயினிலை இருந்து அவனோடை கதைச்சனான் அக்கா. இண்டைக்கு வேலையாம். சனிக்கிழமையளிலை எப்பவும் வேலையாம். இந்தப் பக்கம் வந்து கன நாளாம்.

ஞானமலர்: ...நேரம் போகுது.

லூசியன்: அப்ப இண்டைக்கு ஆருக்குச் சமைச்சனி?

ஞானமலர்: நீ வருவாய் எண்டு இராஜேந்திரன் அண்ணை எடுத்துச் சொன்னவர் எண்டனெல்லே.

லூசியன்: அவர் எடுத்தது இப்ப. திருக்கை ஊறிப்போய்க் கிடந்தது. அது காலமை வைச்ச கறி.

ஞானமலர்: டேய், சமையல்காரர் வேலையை இஞ்சை காட்டாதை. மெட்றோ அந்தா அங்காலை. போ.

லூசியன்: நீயும் ஒருக்கா அங்கை வாவன் அக்கா. பிள்ளை கேக்கிறவள்.

ஞானமலர்: கடையை ஆர் பாக்கிறது? நீயோ? ...சால்வையைச் சுத்திக் கட்டு. எமிலைத் தூக்கேக்கை முதுகைப் பிடிச்சுக்கொண்டு நில்லாதை, முழங்காலை மடிச்சுத் தூக்கு.

லூசியன்: சரி. அப்ப... போட்டு வாறன் அக்கா.

ஞானமலர்: நில்லு. அதைச் சொல்லாதை.

லூசியன்: பின்னை என்னத்தைச் சொல்ல?

ஞானமலர்: போறன் எண்டு சொல்லு.

லூசியன்: உனக்கென்ன விசரே? அப்பிடி ஆராவது சொல்லுறதே? அது கூடாது.

ஞானமலர்: கூடாட்டிக் கூடாது. போறன் எண்டு சொல்லீட்டுப் போ.

லூசியன்: அக்கா, கடை வாசலிலை சனம் நிக்குது. நான் மாட்டன். போட்டு வாறன்.

ஞானமலர்: சொல்லடா எண்டா! நீ ஒஸ்தெர்லிட்ஸிலை நிண்டு என்ரை கையைப் பிடிச்சு, போட்டு வாறன் அக்கா எண்டு சொல்லீட்டுப் போன நாளிலை இருந்து, சனிக்கிழமை சனிக்கிழமை திருக்கை வாங்கிக் காய்ச்சி, ரண்டு கோப்பையை எடுத்து வைச்சுக்கொண்டு உந்த வாசலைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். அந்த எமில் பிரெஞ்சுக்காரன், அவருக்கு விளங்கேல்லை, சரி. எனக்கு ஏனடா விளங்கேல்லை?